ஜிஆர்இ வெர்பல்: கோடிட்ட இடத்தை முதலில் தமிழில் நிரப்புங்கள்

வெளிநாட்டு மேற்படிப்புச் சேர்க்கைக்காக எழுதும் ஜிஆர்இ தேர்வில் ஆங்கில மொழித்திறனைச் சோதிக்கும் பகுதிதான் வெர்பல். அதில் கிட்டத்தட்டப் பாதிக் கேள்விகள் கோடிட்ட இடத்தை நிரப்பும் வகை. இதற்குத் தயாராகிறவர்கள் செய்யும் முதல் காரியம் பெரும்பாலும் ஒன்றுதான். யாரோ அனுப்பிய மூவாயிரம் சொல் பிடிஎஃப்பைப் பிரின்ட் எடுத்து, ஸ்பைரல் பைண்டிங் போட்டு, 'ஏ' வரிசையிலிருந்து மனப்பாடம் செய்யத் தொடங்குவது. அபேட், அபெரன்ட், அப்ஸ்டீமியஸ் என்று போய் 'சி'யைத் தொடுவதற்குள் ஒரு மாதம் ஓடிவிடும். அதற்குள் 'ஏ' மறந்திருக்கும்.

அந்தப் பட்டியல்களில் பல, 2011 ஆகஸ்டுக்கு முந்தைய தேர்வுக்கானவை. அப்போது எதிர்ச்சொல் கேள்வி தனியாக உண்டு; வாக்கியமே இல்லாமல் ஒற்றைச் சொல்லைக் கொடுத்துக் கேட்பார்கள். இன்று அந்த வகை கிடையாது. இப்போது எந்தச் சொல்லும் ஒரு வாக்கியத்துக்குள்தான் வரும், விடைக்கான தடயமும் அந்த வாக்கியத்துக்குள்ளேயே இருக்கும். ஆகவே சொல் படிப்பது வேலையில் பாதிதான். மீதிப் பாதியை யாரும் பயிற்சி செய்வதில்லை. கீழே அதற்குத்தான் அதிக இடம்.

1. முதலில் தேதியும் பணமும் பாஸ்போர்ட்டும்

விண்ணப்பிக்கப் போகும் துறையின் சேர்க்கைப் பக்கத்தைத் திறந்து பாருங்கள். பல்கலைக்கழகத்தின் பொதுப் பக்கம் போதாது. ஒரே வளாகத்தில் ஒரு துறை ஜிஆர்இ கேட்கும், பக்கத்துத் துறை கேட்காது. கட்டாயம், விருப்பம், அனுப்பினாலும் பார்க்கமாட்டோம் என்று மூன்று நிலை உண்டு. உங்கள் பட்டியலில் ஒன்றுகூடக் கேட்கவில்லை என்றால் இந்தக் கட்டுரையை மூடிவிட்டு விண்ணப்பத்துக்கான எஸ்ஓபி (நோக்க அறிக்கை) எழுதப் போகலாம்.

கேட்கிறார்கள் என்றால் கடைசித் தேதியிலிருந்து பின்னோக்கிக் கணக்குப் போடுங்கள். டிசம்பர் 1 கடைசி நாள் என்று வைத்துக்கொள்வோம். மதிப்பெண் வர 8 முதல் 10 நாள் ஆகும். ஒருமுறை எழுதியபின் அடுத்த முறைக்கு 21 நாள் இடைவெளி வேண்டும். பன்னிரண்டு மாதத்துக்குள் ஐந்து முறைதான் எழுத முடியும். இரண்டாவது வாய்ப்புக்கும் இடம் விட்டால், முதல் தேர்வு அக்டோபர் முதல் வாரத்தில் இருக்க வேண்டும். பத்து வாரப் பயிற்சி என்றால் ஜூலை கடைசியில் உட்கார வேண்டும். மதிப்பெண் ஐந்தாண்டு செல்லும் என்பதால் இறுதியாண்டுக்கு முந்தைய விடுமுறையிலேயே முடித்துவிடுவது இன்னும் நிம்மதி.

தேர்வுக் கட்டணம் 220 டாலர் அளவில் இருக்கிறது. பதியும் நாளில், தேர்வை நடத்தும் இடிஎஸ் நிறுவனத்தின் தளம் ரூபாயில் என்ன காட்டுகிறதோ அதுதான் கணக்கு. தேதி மாற்ற 50 டாலர் அளவில் தனிக் கட்டணம். ரத்து செய்தால் பாதிதான் திரும்ப வரும். இரண்டையும் தேர்வுக்கு நான்கு நாள் முன்பே முடித்துவிட வேண்டும். அந்தக் கெடுவைத் தாண்டினால் முழுப் பணமும் போச்சு. தேர்வு நாளில் நான்கு பல்கலைக்கழகங்களுக்கு மதிப்பெண்ணை இலவசமாக அனுப்பலாம், பிறகு சேர்ப்பது ஒவ்வொன்றுக்கும் காசு. எந்த நான்கு என்பதை வீட்டிலேயே முடிவுசெய்து போங்கள்.

அடுத்தது பெயர். நம் ஊர் மார்க் ஷீட்டில் ஓர் எழுத்து இனிஷியலாக இருப்பது பாஸ்போர்ட்டில் அப்பா பெயராக விரிந்திருக்கும். அல்லது குடும்பப்பெயர்க் கட்டம் காலியாக இருக்கும். இடிஎஸ் கணக்கில் பெயரைப் பதியும்போது மார்க் ஷீட்டைப் பார்க்காதீர்கள். பாஸ்போர்ட்டைத் திறந்து வைத்துக்கொண்டு எழுத்துக்கு எழுத்து அதன்படியே பதியுங்கள். பெயர் ஒத்துப்போகவில்லை என்றால் தேர்வறைக்குள் விடமாட்டார்கள், பணமும் வராது. பாஸ்போர்ட் இன்னும் எடுக்கவில்லை என்றால் தேர்வுத் தேதியைத் தொடாதீர்கள். அது கைக்கு வந்தபிறகே பதிவு.

2. தேர்வின் உருவம்

2023 செப்டம்பரிலிருந்து மொத்தத் தேர்வும் 1 மணி 58 நிமிடம்தான். வெர்பல் இரண்டு பிரிவு: முதலாவதில் 12 கேள்வி, 18 நிமிடம், இரண்டாவதில் 15 கேள்வி, 23 நிமிடம். முதல் பிரிவை எப்படிச் செய்தீர்கள் என்பதைப் பொறுத்து இரண்டாம் பிரிவின் கடினம் மாறும். ஒரு பிரிவுக்குள் எல்லாக் கேள்விக்கும் ஒரே மதிப்பு. தவறுக்கு மதிப்பெண் கழிப்பதில்லை, ஆகவே எதையும் காலியாக விடக் கூடாது.

கோடிட்ட இடக் கேள்வி இரண்டு வகை. டெக்ஸ்ட் கம்ப்ளீஷனில் ஒன்று முதல் மூன்று இடம் வரை காலியாக இருக்கும். ஒற்றை இடம் என்றால் ஐந்து ஆப்ஷன். இரண்டு, மூன்று இடம் என்றால் ஒவ்வொன்றுக்கும் மூன்று ஆப்ஷன். சென்டென்ஸ் ஈக்விவலன்ஸில் ஓர் இடம், ஆறு ஆப்ஷன். வாக்கியத்துக்கு ஒரே பொருள் தரும் இரண்டைத் தேர்ந்தெடுக்க வேண்டும். எதிலும் பாதி மதிப்பெண் கிடையாது. மூன்று இடத்தில் இரண்டைச் சரியாகப் போட்டாலும் சுழிதான்.

கண்ணை மூடிக் குத்தினால் ஒற்றை இடத்தில் ஐந்தில் ஒரு வாய்ப்பு, மூன்று இடத்தில் 27-ல் ஒன்று. நேரம் முடியப்போகும்போது எந்தக் கேள்வியைக் கைவிடுவது என்பதற்கு இந்தக் கணக்கு போதும்.

3. ஆப்ஷனை மறைத்துவிட்டுத் தமிழில் நிரப்புங்கள்

ஆப்ஷனைப் பார்க்கும் முன் காலி இடத்தில் என்ன வர வேண்டும் என்று நீங்களே ஒரு சொல் வைத்துக்கொள்ள வேண்டும். எல்லாப் பயிற்சியாளரும் இதைச் சொல்வார்கள். ஆனால் அந்தச் சொல் ஆங்கிலத்தில் இருக்க வேண்டும் என்று எந்த விதியும் இல்லை. தமிழில் சட்டென்று வரும் சொல், தேடிப் பிடிக்கும் ஆங்கிலச் சொல்லைவிடத் துல்லியமாக இருக்கும்.

ஒரு கேள்வியைப் பக்கத்தில் வைத்துப் பார்ப்போம். ஆங்கில வாக்கியத்தின் சாரம் இது: 'ஆணையம் இந்த முறை நேரடியாகப் பதில் சொல்லும் என்று எல்லோரும் எதிர்பார்த்தார்கள், வெளிவந்ததோ ______ அறிக்கை: ஒவ்வொரு பரிந்துரைக்கும் அடுத்த பத்தியிலேயே ஒரு விதிவிலக்கு.'

ஆப்ஷனைக் கையால் மறைத்துக்கொள்ளுங்கள். என்ன மாதிரி அறிக்கை? வழவழா கொழகொழா அறிக்கை. இப்போது கையை எடுங்கள்: கேண்டிட், இக்விவகல், வெஹிமன்ட், சக்சிங்க்ட், லாடடரி. பிடிகொடுக்காமல் பேசும் இக்விவகல் தவிர எதுவும் ஒட்டாது. மறைக்காமல் படித்தவர், ஒளிவுமறைவற்ற என்று பொருள்படும் கேண்டிடில் விழுவார். 'நேரடியாக' என்ற சொல் வாக்கியத்திலேயே கிடக்கிறதே! கேள்வி எழுதுகிறவர் அதற்காகத்தான் அதை அங்கே போட்டிருக்கிறார்.

நிரப்பும் சொல் வாக்கியத்தில் இருப்பதிலிருந்து மட்டுமே வர வேண்டும். மேலே உள்ள உதாரணத்தில் 'ஒவ்வொரு பரிந்துரைக்கும் ஒரு விதிவிலக்கு' என்பதுதான் ஆதாரம். ஆணையங்களைப் பற்றி உங்களுக்கு என்ன அபிப்பிராயம் இருந்தாலும் அது வாசலோடு நிற்கட்டும். ஆதாரச் சொற்றொடரை விரல் வைத்துக் காட்ட முடியவில்லை என்றால் இன்னொரு முறை படியுங்கள், ஆப்ஷனுக்குப் போகாதீர்கள்.

தமிழ் நிரப்பலுக்கு ஒரு பொறி உண்டு. நம் சொல் பொருளைச் சரியாகப் பிடித்தாலும், பாராட்டா பழிப்பா என்பதைத் தவறவிடலாம். 'விடாப்பிடி' என்று நிரப்பினால் டினேஷியஸும் பொருந்தும், ஆப்டுரேட்டும் பொருந்தும். முன்னது பாராட்டு, பின்னது குறை. 'சிக்கனம்' என்றால் ஃப்ரூகல், பார்சிமோனியஸ் இரண்டும் வரிசையில் நிற்கும். பார்சிமோனியஸ் கஞ்சத்தனத்தின் பக்கம். அதனால் தமிழ்ச் சொல்லோடு ஒரு கூட்டல் குறியோ கழித்தல் குறியோ சேர்த்தே எழுதுங்கள்.

4. வாக்கியத்தின் திசையை மாற்றும் திருப்பச் சொற்களைத் தனியாகப் படியுங்கள்

பெரிய சொற்களை 600 கற்றுக்கொள்கிறவர்கள் சின்னச் சொற்களில் கோட்டை விடுகிறார்கள். ஆல்தோ, டெஸ்பைட், யெட் எல்லாம் எதிர்த்திசை என்று எல்லோருக்கும் தெரியும். மாட்டிவிடுபவை வேறு.

'ஆல் பட்' என்றால் கிட்டத்தட்ட. 'ஆல் பட் இம்பாசிபிள்' என்றால் ஏறக்குறைய முடியாத காரியம். 'எனிதிங் பட்' என்றால் துளியும் இல்லை. 'நத்திங் பட்' என்றால் அதைத் தவிர வேறில்லை. மூன்றிலும் ஒரே 'பட்', மூன்றும் மூன்று திசை. 'இஃப் நாட்' இன்னொன்று: 'டிஃபிகல்ட், இஃப் நாட் இம்பாசிபிள்' என்பதில் இரண்டாவது சொல் மறுப்பு கிடையாது, 'கடினம், ஒருவேளை முடியாதுகூட' என்று ஒரு படி ஏற்றிச் சொல்வது. 'இண்டீட்' எதிர்ப்பதுபோல் காதில் விழும், ஆனால் முன்னே சொன்னதை அழுத்திச் சொல்லும். 'பிலை' என்ற வினைச்சொல் வந்தால் வெளித்தோற்றமும் உண்மையும் வேறுவேறு என்று பொருள்; அது ஒன்றே முழு வாக்கியத்தையும் திருப்பிவிடும்.

முக்காற்புள்ளியும் அரைப்புள்ளியும்கூடத் தடயம்தான். முக்காற்புள்ளிக்குப் பின் வருவது பெரும்பாலும் முன்னே சொன்னதன் விளக்கம். காலி இடம் ஒரு பக்கம் இருந்தால் விடை மறுபக்கம் இருக்கும்.

எதிர்மறைகளைக் கணக்குப் பாடம்போல் எண்ணுங்கள். 'ஹார்ட்லி அன்பிரசிடென்டட்' என்பதில் இரண்டு கழித்தல். பெருக்கினால் கூட்டல், அதாவது முன்பும் நடந்ததுதான். மூன்றாவதாக 'டினை' போன்ற வினை சேர்ந்தால் மறுபடி கழித்தல். ரஃப் பேப்பரில் குறி போட்டுச் செய்தால் பத்து விநாடி. மனதில் செய்தால் தவறும்.

5. சொல் சேர்ப்பு: 600 போதும், ஆனால் ஆழமாக

வாரம் ஐந்து நாள், நாளுக்கு 15 புதிய சொல். எட்டு வாரத்தில் 600. கடைசி இரண்டு வாரம் புதிய சொல் எதுவும் வேண்டாம், பழையது மட்டும். சொல் அட்டைகளைத் திருப்பிப் பார்க்க உதவும் அங்கி (Anki) செயலி ஆண்ட்ராய்டிலும் கணினியிலும் இலவசம், ஐஃபோனில் காசு. 15 புதிய அட்டை போட்டால் சில வாரத்தில் தினமும் திருப்பிப் பார்க்க வேண்டியவை நூறைத் தாண்டும். முதல் வார உற்சாகத்தில் நாளுக்கு ஐம்பது போட்டுவிட்டு மூன்றாம் வாரம் செயலியையே அழிப்பவர்கள் ஏராளம். இரண்டு நாள் விட்டால் பாக்கி மலையாகக் குவியும். அப்போது புதியதை நிறுத்திவிட்டுப் பாக்கியை மட்டும் முடியுங்கள்.

சொற்களைக் குடும்பமாகச் சேருங்கள், அகரவரிசை வேண்டாம். வாயாடிக் குடும்பம்: கேரலஸ், லொக்வேஷியஸ், வால்யுபில். வாய் திறக்காத குடும்பம்: டாசிடர்ன், ரெடிசென்ட், லகானிக். ஈக்விவலன்ஸ் கேள்விக்கு இந்தச் சோடிகள்தான் மூலதனம். ஆனால் ஒலியில் ஒத்த சொற்களை ஒரே நாளில் வைக்காதீர்கள். இன்ஜீனியஸ் புத்திசாலித்தனம், இன்ஜென்யுவஸ் வெள்ளந்தித்தனம். வீனல் லஞ்சத்துக்கு விலைபோவது, வீனியல் மன்னிக்கத்தக்க சிறு தவறு. ஒன்று நன்றாக ஊறியபிறகு, ஒரு வாரம் கழித்து மற்றது.

அட்டையின் பின்புறத்தில் அகராதிப் பொருளை அப்படியே ஒட்டாதீர்கள். வீட்டில் புழங்கும் தமிழை எழுதுங்கள். ஆப்சீக்வியஸ்: காக்கா பிடிப்பவர். கிரெடுலஸ்: எதைச் சொன்னாலும் நம்புகிறவர். பிரஸ்க்: முகத்தில் அடித்தாற்போல் பேசுவது. பிரிவேரிகேட்: மழுப்புவது. கேட்டகாரிகல்: வெட்டு ஒன்று துண்டு இரண்டு. ஸ்பீஷஸ்: கேட்க நன்றாக இருக்கும், உள்ளே சத்தில்லை, சப்பைக்கட்டு வாதம். அதற்குக் கீழே ஓர் ஆங்கில வாக்கியம் கட்டாயம். தமிழ் பொருளைப் பிடித்துத் தரும். அந்தச் சொல் எந்தப் பெயர்ச்சொல்லோடு கைகோக்கும் என்பதை ஆங்கில வாக்கியம்தான் காட்டும்.

தெரிந்த சொல் என்று தாண்டிப்போகிறவைதான் அதிகம் கவிழ்க்கும். தேர்வில் குவாலிஃபைடு என்றால் தகுதியுள்ள என்று மட்டுமில்லை, நிபந்தனையோடு கூடிய என்றும் பொருள். 'குவாலிஃபைடு சப்போர்ட்' அரை மனது ஆதரவு. பெடஸ்ட்ரியன் என்றால் சுவாரசியமே இல்லாத, சாதாரணமான. செக், அரெஸ்ட் இரண்டும் தடுத்து நிறுத்துவது. பிளாஸ்டிக் வளைந்துகொடுப்பது. பிட்ரே மறைந்திருப்பதைக் காட்டிக்கொடுப்பது. சாங்ஷன் அனுமதியாகவும் இருக்கும், தண்டனையாகவும் இருக்கும். நம் ஊர் ஆங்கிலமும் சில இடத்தில் காலை வாரும்: ஸ்கீம் நமக்கு அரசுத் திட்டம், அமெரிக்கரின் காதில் சூழ்ச்சியின் சாயலோடு விழும்.

தோற்றத்தால் ஏமாற்றும் சொற்களுக்குத் தனி அட்டைக்கட்டு வையுங்கள். எனர்வேட்டில் 'எனர்ஜி' தெரியும், பொருளோ சோர்வடையச் செய்வது. ரெஸ்டிவில் 'ரெஸ்ட்' தெரியும், பொருள் இருப்புக்கொள்ளாமல் தவிப்பது. நாய்சம் என்பதற்கும் நாய்ஸுக்கும் தொடர்பில்லை. அது குமட்டும் நாற்றம். டிஸ்இன்ட்ரஸ்டட் என்றால் பாரபட்சமற்றவர்.

6. இரண்டு இடம், மூன்று இடம், சோடி

பல இடம் காலியாக இருந்தால் முதல் இடத்திலிருந்துதான் தொடங்க வேண்டும் என்றில்லை. எந்த இடத்துக்கு ஆதாரம் அதிகமோ அங்கே தொடங்குங்கள். மூன்று இடக் கேள்வியில் அது பெரும்பாலும் கடைசி வாக்கியத்தில் ஒளிந்திருக்கும்.

ஒரு சாரம்: 'பதினோரு ஆண்டு நிலப்பதிவேடுகளுக்குள் மூழ்கிக் கிடந்த அந்த வரலாற்றாய்வாளரின் உழைப்பு ______ என்றாலும், அவர் வந்துசேர்ந்த முடிவுகள் ______: பள்ளிப் பாடநூலில் உள்ளதையே திருப்பிச் சொல்கின்றன.' முதல் இடத்துக்கு கர்சரி, அசிஜுவஸ், ஸ்பொராடிக். இரண்டாவதுக்கு பெடஸ்ட்ரியன், அடேஷஸ், கன்டென்ஷஸ். பதினோரு ஆண்டு உழைப்பு என்றால் அசிஜுவஸ், அதாவது விடாமுயற்சி. இரண்டாவது இடம் முக்காற்புள்ளியால் திறக்கிறது: பாடநூல் சரக்கு, ஆக பெடஸ்ட்ரியன். அந்தச் சொல்லுக்கு 'பாதசாரி' என்று மட்டும் தெரிந்தவர் அதைத் தூக்கிப் போட்டுவிட்டு மற்ற இரண்டில் ஒன்றைக் குத்துவார். பொருள் தெரியாத சொல்லை 'தெரியவில்லை' என்று வையுங்கள், 'தவறு' என்று அடிக்காதீர்கள். மற்ற இரண்டும் உறுதியாகப் பொருந்தவில்லை என்றால் தெரியாததுதான் விடை.

ஈக்விவலன்ஸில் பொறி இரட்டை. சாரம்: 'அந்த விமர்சகர் எந்த நாடகத்தைப் பற்றியும் மூன்று வரிக்கு மேல் எழுதியதில்லை, அவருடைய ______ நடைக்கென்றே வாசகர்கள் இருந்தார்கள்.' ஆப்ஷன்: டெர்ஸ், புரோலிக்ஸ், லூசிட், லகானிக், வெர்போஸ், காஸ்டிக். புரோலிக்ஸும் வெர்போஸும் அருமையான சோடி, ஆனால் இரண்டும் வளவளவென்று நீட்டுவது, நமக்கு வேண்டியதற்கு நேர் எதிர்ப்பொருள். வாக்கியத்தைப் படிக்காமல் சோடி மட்டும் தேடுகிறவருக்கான வலை அது. தெளிவான என்று பொருள்படும் லூசிட் தனியாக வைத்தால் நன்றாகவே ஒட்டும். அதற்குச் சோடி இல்லை, 'மூன்று வரி' என்ற தடயத்தோடும் சம்பந்தமில்லை. சுருக்கமான என்று பொருள்படும் டெர்ஸும் லகானிக்கும்தான் விடை. முதலில் வாக்கியம், பிறகு தமிழ்ச் சொல், அதற்குப் பிறகே சோடி. சரியான இரண்டும் அகராதியில் ஒருபொருட் சொற்களாக இருக்க வேண்டும் என்ற கட்டாயமும் இல்லை. இரண்டையும் போட்டால் வாக்கியம் ஒன்றையே சொல்ல வேண்டும், அவ்வளவுதான்.

7. எதில் பயிற்சி, எப்போது

இடிஎஸ் வெளியிடும் கேள்விகள் அளவானவை, சீக்கிரம் தீர்ந்துவிடும். முதல் இரண்டு வாரத்தில் அவற்றைத் தொடாதீர்கள். அந்த நாட்களில் வேறு நிறுவனங்களின் கேள்விகளில் முறையைப் பழகுங்கள், ஆனால் அங்கே வாங்கும் மதிப்பெண்ணைப் பெரிதாக எடுத்துக்கொள்ள வேண்டாம். அவற்றில் அரிய சொல்லைக் கேட்பார்கள். இடிஎஸ் கேள்வியில் சிக்கல் வாக்கியத்தின் மடிப்பில் இருக்கும். சாட்பாட் எழுதித் தரும் கேள்விகளில் இன்னொரு குறை: பல நேரம் இரண்டு விடை சரியாக வரும். அதிலேயே பழகினால் 'இதுவும் பரவாயில்லை' என்ற மனநிலை ஒட்டிக்கொள்ளும்.

மூன்றாம் வாரம் முதல் அதிகாரபூர்வக் கேள்விகள், ஒரு நாளுக்கு பத்து. இடிஎஸ் தரும் பவர்பிரெப் இலவச மாதிரித் தேர்வுகள் இரண்டில் ஒன்றை ஐந்தாம் வாரம், இன்னொன்றைத் தேர்வுக்குப் பத்து நாள் முன்பு எழுதுங்கள். காசு கட்டும் பவர்பிரெப் பிளஸ் தேர்வு சுமார் 40 டாலர்; இலவசம் இரண்டையும் முடித்தபிறகு தேவைப்பட்டால் ஒன்று போதும்.

தவறான ஒவ்வொரு கேள்விக்கும் நோட்டில் ஒரே வரி. சொல்லே தெரியாது, சொல்லின் இன்னொரு பொருள் தெரியாது, திருப்பத்தைத் தவறவிட்டேன், நிரப்பாமல் ஆப்ஷனுக்குப் போனேன்: இந்த நான்கில் ஒன்று. நாற்பது தவறு சேர்ந்ததும் எண்ணிப் பாருங்கள். முதல் காரணம் பாதிக்கும் கீழே இருந்தால் இன்னொரு சொல் பட்டியல் தேடுவது வீண். மூன்றாம், நான்காம் பகுதிகளுக்குத் திரும்புங்கள். சரியாகப் போட்டதிலும் குத்துமதிப்பாகப் போட்டது எது என்று குறித்துவையுங்கள். அதுவும் தவறுதான், இன்னும் மாட்டவில்லை.

ஆங்கில வாசிப்புக்கு தினமும் இருபது நிமிடம். ஏயான், ஸ்மித்சோனியன் மாதிரி இதழ்களில் நீளக் கட்டுரை ஒன்று. நீளமான வாக்கியத்தின் நடுவில் மூச்சு வாங்காமல் போகும் பழக்கம் வேறெதிலும் கிடைக்காது.

8. நேரமும் தேர்வு நாளும்

முதல் பிரிவின் 12 கேள்வியில் ஆறேழு இந்த வகையாக இருக்கும். ஒற்றை இடத்துக்கும் சோடிக்கும் 45 விநாடி, இரண்டு இடத்துக்கு ஒரு நிமிடம், மூன்று இடத்துக்கு ஒன்றரை நிமிடம். இப்படிப் போனால் ஆறேழு நிமிடத்தில் முடித்து, பத்தி வாசிப்புக் கேள்விகளுக்குப் பதினொரு நிமிடம் மிச்சம் பிடிக்கலாம். அதனால் பத்தியைத் தாண்டி இவற்றை முதலில் முடியுங்கள். ஒரு பிரிவுக்குள் முன்னும் பின்னும் போகலாம், 'மார்க்' பொத்தான் அதற்காகவே இருக்கிறது. ஒரு கேள்வி ஒன்றரை நிமிடத்தைத் தாண்டினால் ஏதாவது ஒன்றைப் போட்டு, மார்க் செய்து, நகர்ந்துவிடுங்கள். பிரிவு முடிந்தால் திரும்ப முடியாது.

வீட்டிலிருந்து எழுதுவதானால் சாதாரணத் தாள் கூடாது. அழிக்கக்கூடிய சிறு வெள்ளைப் பலகையோ கண்ணாடித்தாள் உறைக்குள் வைத்த தாளோதான். தனி அறை, மூடிய கதவு, இயர்போன் கூடாது. டேப்லெட்டும் ஃபோனும் ஆகாது, கணினி வேண்டும். மின்வெட்டும் விருந்தாளியும் சகஜமான வீடு என்றால் சென்டரையே தேர்ந்தெடுங்கள். சென்டரில் அவர்களே ரஃப் பேப்பர் தருவார்கள், தேர்வு தொடங்கும் முன் அதில் எழுதக் கூடாது. நடுவே இடைவேளை கிடையாது. தண்ணீரை அளவோடு குடித்துவிட்டுப் போங்கள்.

அந்த ரஃப் பேப்பரில் கேள்வி எண், பக்கத்தில் உங்கள் தமிழ்ச் சொல், கூட்டல் அல்லது கழித்தல் குறி. முடிந்ததும் அவர்களே வாங்கிக்கொள்வார்கள். அதில் என்ன எழுதியிருக்கிறது என்று யாரும் திருத்தப்போவதில்லை.